காஸ்ட்ராட்டோக்களுக்கு எழுதிய ஆரியாக்களைக் கவுன்டர்டெனர்கள் பாடுவது பற்றி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

18-ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஓபராவில் வீரர்களும் மன்னர்களும் காதலர்களும் உயர்ந்த ஸ்தாயியில் பாடினார்கள். ஹேண்டல், வின்ச்சி, போர்ப்போரா, குளூக் முதலிய இசையமைப்பாளர்கள் அவர்களுக்காக எழுதிய தனிப்பாடல்களை, அதாவது ஆரியாக்களை, இன்று பெரும்பாலும் கவுன்டர்டெனர்களும் மெஸோ-சோப்ரானோ என்னும் இடைநிலைக் குரலுள்ள பெண்களும் பாடுகிறார்கள். இந்தக் குரலை முதன்முறை கேட்பவர்களுக்கு வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்படுகிறது.

காஸ்ட்ராட்டோவும் கவுன்டர்டெனரும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. காஸ்ட்ராட்டோ என்பவர் பருவமடைவதற்கு முன்பே விதைநீக்கம் செய்யப்பட்டதால் குரல் உடையாமலே வளர்ந்துவிட்ட ஆண் பாடகர். கவுன்டர்டெனரின் உடலில் அப்படி எதுவும் நடப்பதில்லை. மற்ற ஆண்களைப் போலவே அவருக்கும் பதின்ம வயதில் குரல் உடைகிறது, தடிக்கிறது. பேசும்போது அவர் சாதாரண ஆண்குரலில்தான் பேசுகிறார், பலர் நல்ல கனத்த குரலிலேயே பேசுகிறார்கள். பாடும்போது மட்டும், நம் சங்கீத வட்டாரத்தில் கள்ளக் குரல் என்று சற்று இளக்காரமாகச் சொல்லப்படும் மேல்குரலை, பல ஆண்டுப் பயிற்சியால் அரங்கை நிரப்பும் அளவுக்கு வளர்த்து அதிலேயே பாடுகிறார். இரண்டு குரல்களும் ஏறத்தாழ ஒரே ஸ்தாயியில் ஒலிக்கின்றன என்பதைத் தவிர, அவை பிறக்கும் விதத்தில் பொதுவானது ஏதுமில்லை. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் கீழே வரும் பெரும்பாலான கேள்விகளுக்கு வழி கிடைத்துவிடும்.

விதைநீக்கத்தால் குரலில் நேர்ந்தது என்ன?

ஆண்களுக்குப் பருவ வயதில் டெஸ்டோஸ்டிரோன் பெருகும்போது குரல்வளை பெரிதாகிறது. குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன. குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே இறங்குகிறது. காஸ்ட்ராட்டோவுக்கு இது நிகழவில்லை. ஆனால் உடல் வளராமல் நின்றுவிடவில்லை. எலும்புகளின் முனைகளிலுள்ள வளர்ச்சித் தகடுகள் உரிய காலத்தில் மூடாததால் கைகால்கள் இயல்புக்கு மீறி நீண்டன, விலா எலும்புகளும் பெரிதாக வளர்ந்தன. ஃபரினெல்லி என்ற பெயரால் புகழ்பெற்ற கார்லோ புரோஸ்கியின் எலும்புகள் 2006-இல் போலோனியாவில் தோண்டியெடுக்கப்பட்டு ஆராயப்பட்டபோது, 77 வயதில் இறந்த அவருடைய எலும்புகள் சிலவற்றில் வளர்ச்சிக் கோடுகள் அதுவரையிலும் முழுமையாக மூடியிருக்கவில்லை என்பது தெரியவந்தது.

ஆகவே சிறிய குரல்வளை, அகன்ற மார்பு, வளர்ந்த ஆணின் வாயும் தொண்டையும் ஆகிய மூன்றும் ஒரே உடலில் சேர்ந்தன. அதன்மேல் ஏழெட்டு வயதிலிருந்தே தொடங்கிய பயிற்சி. நேப்பிள்ஸ் நகரின் நான்கு இசைப்பள்ளிகளில் சிறுவர்கள் நாள்தோறும் பல மணி நேரம் மூச்சும் பிருகாவும் பழகினார்கள். ஃபரினெல்லியையும் கஃபரெல்லியையும் உருவாக்கிய நிக்கோலா போர்ப்போரா அந்த நகரின் ஆசிரியர்தான். அறுவையைப் பற்றியே எல்லோரும் பேசுவதால் இந்தப் பயிற்சி மறக்கப்பட்டுவிடுகிறது. அறுவைக்கு உட்பட்ட சிறுவர்களில் மிகப் பெரும்பான்மையோர் பெரிய பாடகர்களாகவே ஆகவில்லை என்பதிலிருந்தே, கத்தி மட்டும் எவரையும் பாடகராக்கிவிடவில்லை என்பது விளங்கும்.

இப்படி ஒரு வழக்கம் ஏன் தோன்றியது?

கத்தோலிக்கத் தேவாலயங்களில் பெண்கள் பாடக்கூடாது என்ற தடை இருந்தது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் பெண்கள் சபையில் பேசாதிருக்கட்டும் என்று பவுல் எழுதியதை அதற்கு ஆதாரமாகக் காட்டினார்கள். மேல்குரல்களைப் பாடச் சிறுவர்கள் இருந்தார்கள். ஆனால் ஒரு சிறுவன் கற்றுத் தேறும் வேளையில் அவன் குரல் உடைந்துவிடும். 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரோமின் சிஸ்டைன் தேவாலயக் குழுவில் காஸ்ட்ராட்டோக்கள் இடம்பெறத் தொடங்கினார்கள். அறுவை சட்டப்படி குற்றம். அதன் பலனோ தேவாலயத்தில் வரவேற்கப்பட்டது. இந்த இரட்டை நிலையை எவ்வளவு கடுமையாகச் சொன்னாலும் தகும். ஏழைக் குடும்பங்கள் ஒரு மகனின் எதிர்காலத்தைப் பணயம் வைத்து மொத்தக் குடும்பத்தின் வறுமை தீரும் என்று நம்பின.

ஓபரா வளர்ந்தபோது அதே பாடகர்கள் மேடைக்கு வந்தார்கள். போப்பாண்டவரின் ஆட்சிப் பகுதிகளில் பெண்கள் மேடையேறவும் தடை இருந்ததால் அங்கே பெண் பாத்திரங்களையும் அவர்களே ஏற்றனர். ஆனால் தடை இல்லாத வெனிஸிலும் லண்டனிலும்கூட நாயகன் பாத்திரம் காஸ்ட்ராட்டோவுக்கே போனது என்பதைக் கவனிக்க வேண்டும். உயர்ந்த குரல் பெண்மையின் அடையாளம் என்று அக்கால ரசிகர்கள் நினைக்கவில்லை. அது இளமைக்கும் வீரத்துக்கும் உயர்குடிப் பிறப்புக்கும் உரியது என்றே நினைத்தார்கள். கிழ மந்திரிக்கும் கொடுங்கோலனுக்கும்தான் கீழ்க்குரல்.

யாருக்காக எழுதப்பட்ட ஆரியாக்கள் இன்று அதிகம் பாடப்படுகின்றன?

ஹேண்டல் 1711-இல் லண்டனுக்கு எழுதிய முதல் ஓபராவான ‘ரினால்டோ’வில் நாயகனாகப் பாடியவர் நிக்கோலினி. 1724-இல் அரங்கேறிய ‘ஜூலியோ சேசரே’யில் சீசராகப் பாடியவர் செனெசினோ, அதே ஓபராவில் எகிப்திய மன்னன் தோலமேயோவாகப் பாடிய பெரன்ஷ்டாட்டும் காஸ்ட்ராட்டோவே. 1725-இன் ‘ரோதெலிந்தா’வில் பெர்த்தாரிதோவும் செனெசினோதான், ‘தோவே செய்’ என்று தொடங்கும் அந்தப் பாத்திரத்தின் பாடல் கவுன்டர்டெனர்கள் அனைவரும் கற்கும் ஒன்று. 1735-இல் வந்த ‘அரியோதாந்தே’, ‘அல்சினா’ இரண்டும் காரெஸ்டினிக்கு. 1738-இன் ‘செர்சே’ கஃபரெல்லிக்கு. ஒரு மரத்தின் நிழலைப் போற்றும் ‘ஓம்ப்ரா மாய் ஃபூ’ அதில் வருவது. குளூக் 1762-இல் வியன்னாவில் அரங்கேற்றிய ‘ஓர்ஃபியோ’வின் நாயகன் குவாதாஞி, இளமையில் லண்டனில் ஹேண்டலிடமும் பாடியவர்.

ஃபரினெல்லி ஹேண்டலுக்காக ஒருமுறைகூடப் பாடியதில்லை என்பதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். 1734-இல் லண்டனுக்கு வந்த அவர் ஹேண்டலுக்கு எதிராகப் பிரபுக்கள் நடத்திய கம்பெனியில்தான் பாடினார். அவருக்கென இருப்பவை போர்ப்போரா, ஹாஸே, அவருடைய சொந்த அண்ணன் ரிக்கார்தோ புரோஸ்கி முதலியோர் எழுதியவை.

காஸ்ட்ராட்டோவின் குரல் எப்படி ஒலித்தது என்று இன்று அறிய முடியுமா?

ஒரே ஒருவருடைய தனிக்குரல்தான் பதிவாகியிருக்கிறது. சிஸ்டைன் தேவாலயக் குழுவைச் சேர்ந்த அலெஸ்ஸாந்த்ரோ மொரெஸ்கி 1902-லும் 1904-லும் ரோமில் கிராமபோன் கம்பெனிக்காகப் பாடினார். பாக்–கூனோவின் ‘ஆவே மரியா’ அவற்றில் புகழ்பெற்றது. அதைக் கேட்டுவிட்டு இதுதான் ஃபரினெல்லியின் குரல் என்று முடிவுகட்டுவது தவறு. மொரெஸ்கி தேவாலயப் பாடகர். ஓபரா மேடையின் பயிற்சி வேறு. அவர் பிறந்தது 1858-இல். ஹேண்டலின் நாயகர்களுக்கும் அவருக்கும் இடையே ஒரு நூற்றாண்டுக்கும் மேலான இடைவெளி. விம்மிவிம்மி ஸ்வரத்தைப் பற்றும் அவருடைய பாணி 19-ஆம் நூற்றாண்டின் இறுதிக்குரியது. புனலுக்கு முன் நின்று பாடிய அக்காலப் பதிவுமுறை எந்தக் குரலுக்கும் நியாயம் செய்ததில்லை.

ஆயினும் அந்த இரைச்சலுக்குள் ஒன்று தெளிவாகக் கேட்கிறது: அது பெண்ணின் குரலும் இல்லை, கவுன்டர்டெனரின் குரலும் இல்லை. மேல் ஸ்தாயியில் அது மெலிவதில்லை, மாறாக, உரமேறுகிறது. எழுத்துச் சான்றுகளும் இதையே சொல்கின்றன. செனெசினோவைக் கேட்ட ஜெர்மன் இசைக்கலைஞர் குவான்ட்ஸ் அவருடைய குரலை வலிமையும் தெளிவும் சமநிலையும் இனிமையும் உடையது என்று வர்ணித்தார். நான்கு சொற்களில் வலிமை முதலில் வருவதை நான் தற்செயலாகக் கருதவில்லை.

கவுன்டர்டெனரின் குரல் எப்படி உருவாகிறது?

சாதாரணமாகப் பேசும்போதும் பாடும்போதும் ஆணின் குரல்நாண்கள் அவற்றின் முழுத் தடிப்போடு அதிர்கின்றன. மேல்குரலில் நாண்கள் இழுபட்டு மெலிகின்றன. விளிம்புகள் மட்டும் அதிர்கின்றன. பயிற்சியற்றவர் இப்படிப் பாடினால் நாண்களுக்கிடையே காற்று கசிந்து குரல் ஊதலாக ஒலிக்கும். கவுன்டர்டெனரின் உழைப்பில் பெரும்பகுதி அந்தக் கசிவை அடைப்பதில்தான் போகிறது.

அடுத்த தொல்லை, கீழே இறங்கும்போது வருகிறது. மேல்குரல் ஓர் இடத்துக்குக் கீழே வலுவிழந்துவிடும். அங்கே பாடகர் தன் இயல்பான மார்புக் குரலுக்கு மாற வேண்டும். இந்த மாற்றத்தை மறைக்கத் தெரியாதவர் பாடினால் ஒரே வரியை இரண்டு பேர் பாடுவது போலிருக்கும். செனெசினோவுக்கு எழுதிய பாடல்கள் ஆல்ட்டோ எல்லைக்குள், அதாவது பெண்களின் தாழ்ந்த குரலின் எல்லைக்குள், நடமாடுபவை. அவற்றில் இந்தச் சந்திப்பு இடம் அடிக்கடி வருகிறது. ஆகவே, உச்ச ஸ்வரங்கள் இல்லாத பாடல்தானே என்று கேட்பவருக்கு எளிதாகத் தோன்றும் ஒன்று பாடுபவருக்கு அதிகத் துன்பம் தருவதாக இருக்கலாம்.

பெரும்பாலான கவுன்டர்டெனர்கள் ஆல்ட்டோ அல்லது மெஸோ எல்லையில் பாடுகிறார்கள். பிரேசிலைச் சேர்ந்த புரூனோ தெ சா போன்ற சிலர் பெண்களின் மிக உயர்ந்த குரலான சோப்ரானோவின் முழு உயரத்தை எட்டுகிறார்கள். மிக அரிதாக, குரல்வளை இயற்கையாகவே முழு வளர்ச்சி பெறாத ஆண்களும் உண்டு; அமெரிக்கரான மைக்கேல் மனியாச்சி அவ்வகையினர். இவர்களைக் கவுன்டர்டெனர் என்பதைவிட ஆண் சோப்ரானோ என்பதே பொருத்தம்.

ஹேண்டலின் காலத்தில் காஸ்ட்ராட்டோ கிடைக்காவிட்டால் யார் பாடினார்கள்?

இந்தக் கேள்விக்கான பதிலைத் தெரிந்துகொண்டால், கவுன்டர்டெனர்தான் அசலுக்கு நெருக்கமானவர் என்ற பரவலான எண்ணம் அங்கேயே ஆட்டம் கண்டுவிடும். காஸ்ட்ராட்டோ கிடைக்காதபோது ஹேண்டல் நாடியது பெண்ணை. ‘ரதமிஸ்தோ’ 1720 ஏப்ரலில் அரங்கேறியபோது நாயகன் ரதமிஸ்தோவாகப் பாடியவர் மார்கெரிட்டா துராஸ்தாந்தி என்ற பெண்மணி. அதே ஆண்டு டிசம்பரில் செனெசினோ வந்து சேர்ந்த பிறகு பாத்திரம் அவருக்கு மாற்றி எழுதப்பட்டது. ‘ஜூலியோ சேசரே’யில் தந்தையின் கொலைக்குப் பழிவாங்கத் துடிக்கும் இளைஞன் செஸ்தோவும் முதலிலிருந்தே துராஸ்தாந்திக்காக எழுதப்பட்ட பாத்திரம். ‘ரினால்டோ’வின் முதல் அரங்கேற்றத்தில் படைத்தலைவன் கொஃப்ரேதோவையும் ஒரு பெண்ணே பாடினார்.

மேல்குரலில் பாடும் ஆண்கள் அப்போது இங்கிலாந்தில் இல்லாமலில்லை. தேவாலயக் குழுக்களில் இருந்தார்கள். ஹேண்டல் தம் ஆங்கில ஆரட்டோரியோக்களில், அதாவது நடிப்பில்லாமல் பாடப்படும் இசைக்கதைகளில், அத்தகையவர்களைப் பயன்படுத்தியும் இருக்கிறார். ஆனால் இத்தாலிய ஓபராவில் நாயகன் பாத்திரத்துக்கு அவர்களை அவர் அழைக்கவில்லை. அவர்களுடைய குரல் அந்த மேடைக்குப் போதாது என்று அவர் கருதியிருக்க வேண்டும்.

19-ஆம் நூற்றாண்டில் இந்த ஓபராக்கள் ஏறத்தாழ முழுமையாக மறைந்தன. குளூக்கின் ‘ஓர்ஃபியோ’ மட்டும் உருமாறி உருமாறி வாழ்ந்தது: 1774-இல் பாரிஸுக்காக குளூக்கே அதை லெக்ரோ என்ற உயர்ந்த டெனருக்கு (டெனர் என்பது ஆணின் இயல்பான உயர்குரல்) மாற்றி எழுதினார், 1859-இல் பெர்லியோஸ் அதைப் பாலின் வியார்தோ என்ற பெண்மணிக்காகத் தொகுத்தார். ஹேண்டலின் ஓபராக்களை 1920 முதல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் உயிர்ப்பித்த ஓஸ்கார் ஹாகன், நாயகர்களின் பாடல்களை ஒரு ஸ்தாயி கீழே இறக்கி ஆண்களின் கீழ்க்குரலில் பாடவைத்தார். 1966-இல் நியூயார்க் சிட்டி ஓபராவில் சீசராகப் பாடியவரும் நார்மன் ட்ரீகிள் என்ற பாஸ்-பாரிட்டோன் பாடகரே. ஒரு ஸ்தாயி இறக்கியதும் வயலின்களுக்கு இணையாக ஓட வேண்டிய பாட்டு, செல்லோக்களோடு சிக்கிக்கொண்டு மங்கிவிடுகிறது. பார்வைக்கு நாயகன் ஆணாக இருக்க வேண்டும் என்பதற்காகக் காதுக்குக் கொடுத்த விலை அது. அந்த முறை கைவிடப்பட்டதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

அப்படியானால் கவுன்டர்டெனர்கள் ஓபராவுக்குள் எப்படி வந்தார்கள்?

இங்கிலாந்தின் தேவாலயக் குழுக்களில் ஆண் ஆல்ட்டோக்கள் பாடும் மரபு அறுபடாமல் இருந்தது. கேன்டர்பரி தேவாலயத்தில் பாடிக்கொண்டிருந்த ஆல்ஃபிரட் டெல்லரை (1912–1979) இசையமைப்பாளர் மைக்கேல் டிப்பெட் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கண்டுகொண்டு லண்டன் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தார். பெஞ்சமின் பிரிட்டன் 1960-இல் எழுதிய ‘எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்’ ஓபராவில் தேவதைகளின் அரசன் ஓபரானை டெல்லரின் குரலுக்கென்றே அமைத்தார். டெல்லரின் குரல் மென்மையானது. அவருடைய நடிப்பும் விமர்சனத்துக்கு உள்ளானது. அடுத்த ஆண்டு லண்டனின் கோவென்ட் கார்டன் ஓபரா அரங்கில் அந்தப் பாத்திரம் அமெரிக்கரான ரசல் ஓபர்லினுக்குப் போனது. பிறகு வந்த ஜேம்ஸ் போமன், பெரிய அரங்கை நிரப்பும் குரலும் மேடையில் நிற்கும் உடலும் கவுன்டர்டெனருக்கு வாய்க்கும் என்று காட்டினார்.

அதன்பின் தலைமுறைக்குத் தலைமுறை வேகம் கூடியது. பெல்ஜியத்தின் ரெனே யாக்கோப்ஸ், ஜெர்மனியின் யோக்கன் கோவால்ஸ்கி, 1998-இல் இங்கிலாந்தின் கிளைன்ட்போர்ன் ஓபரா விழாவில் பெர்த்தாரிதோவாக மேடையேறிய ஆண்ட்ரெயாஸ் ஷோல், பிரான்ஸின் பிலிப் ஜரூஸ்கி, குரோவேஷியாவில் பிறந்த மாக்ஸ் இமானுவேல் சென்சிச், அர்ஜென்டினாவின் ஃபிராங்கோ ஃபஜோலி, போலந்தின் யாக்குப் யோசெஃப் ஓர்லின்ஸ்கி என்று பெயர்கள் நீள்கின்றன. இவர்களில் இளையவர்கள் தேவாலயக் குழுவின் மென்மையைத் தாண்டி, ஓபராப் பாடகருக்குரிய முழுப் பயிற்சியைப் பெற்றவர்கள். பழைய இசைக்கருவிகளின் மறுமலர்ச்சியும் கைகொடுத்தது: அக்கால முறைப்படி இன்று வாசிக்கும் குழுக்கள் பெரும்பாலும் 440 ஹெர்ட்ஸுக்குப் பதிலாக 415 ஹெர்ட்ஸில், ஏறத்தாழ அரை ஸ்வரம் கீழே, சுருதி சேர்க்கின்றன, குடல்நரம்புத் தந்திகளின் ஒலியும் சிறிது. கவுன்டர்டெனரின் குரல் அவற்றுக்கு மேலே எளிதாக மிதக்கிறது.

பெண்ணா, கவுன்டர்டெனரா? இந்தப் பாடல்களுக்கு யார் பொருத்தம்?

வரலாற்றை மட்டும் நீதிபதியாக்கினால் மெஸோ-சோப்ரானோவுக்கே தீர்ப்பு கிடைக்கும். ஹேண்டலே அப்படித்தான் செய்தார். குரலின் உரத்தைப் பார்த்தாலும் பல பாடல்களில் பெண்ணுக்கே முன்னுரிமை உண்டு. 1984-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் ‘ரினால்டோ’ வந்தபோது நாயகன் மர்லின் ஹோர்ன். 2005-இல் கிளைன்ட்போர்னில் டேவிட் மெக்விகார் இயக்கிய ‘ஜூலியோ சேசரே’யில் சீசர் சாரா கானலி; அவருடைய நடையும் தோரணையும் எந்த ஆணுக்கும் குறைந்தவை அல்ல. (அந்தத் தயாரிப்பில் இந்தித் திரைப்பட நடன அசைவுகளோடு கிளியோபாத்ராவாகப் பாடிய டேனியல் தெ நீஸ், இலங்கையின் பறங்கியர் குடும்பவழியினர்.) அதே மேடையில் வஞ்சக மன்னன் தோலமேயோவைக் கவுன்டர்டெனரான கிறிஸ்தோஃப் துமோவுக்குக் கொடுத்ததால் இரண்டு குரல்களையும் ஒரே இரவில் ஒப்பிட முடிந்தது. சீசரின் பாட்டில் திண்மை. தோலமேயோவின் பாட்டில் கூர்மை.

என் தீர்ப்பு பாடலைப் பொறுத்தது. ஆல்ட்டோ எல்லையில் தாழ்ந்து நடக்கும் கோபப் பாடல்களில் நல்ல மெஸோவின் கீழ்ஸ்வரங்களுக்கு ஈடில்லை. நீண்டு நிற்கும் சோகப் பாடல்களில் கவுன்டர்டெனரின் குரலுக்கு ஒரு தனிமை இருக்கிறது. எந்தப் பாலுக்கும் எந்த வயதுக்கும் உரியதாகத் தோன்றாத அந்தத் தன்மை, அக்கால ரசிகர்கள் காஸ்ட்ராட்டோவிடம் கேட்டு மயங்கியதன் ஒரு கூறாவது இருக்கக்கூடும். ஆனால் அது ஒரு கூறுதான். காஸ்ட்ராட்டோவின் இடத்தைக் கவுன்டர்டெனர் நிரப்பிவிட்டார் என்று விளம்பரங்கள் சொல்வதை நான் ஏற்பதில்லை. அவர் வேறொரு வாத்தியத்தில் அதே பாட்டை வாசிக்கிறார், நன்றாக வாசிக்கும்போது அதற்கு வேறு சிபாரிசு தேவையில்லை.

இந்த ஆரியாக்களைப் பாடுவதில் உள்ள உண்மையான சிரமங்கள் எவை?

முதலாவது மூச்சு. ரிக்கார்தோ புரோஸ்கி தம் தம்பிக்காக எழுதி, 1734-இல் லண்டனில் ‘அர்த்தசெர்செ’யில் செருகிய ‘சோன் குவால் நாவே’ பாடலின் முதல் ஸ்வரத்தை ஃபரினெல்லி மெல்லத் தொடங்கி, சிறுகச் சிறுகப் பெருக்கி, மீண்டும் அதேபோலக் குறைத்து முடித்தபோது ஐந்து நிமிடம் கரவொலி அடங்கவில்லை என்று 18-ஆம் நூற்றாண்டு இசை வரலாற்றாசிரியர் சார்லஸ் பர்னி எழுதியிருக்கிறார். மேல்குரலில் ஒலியைப் பெருக்கும்போது அது சட்டென்று மார்புக் குரலுக்குத் தாவிவிடும் அபாயம் உண்டு. குறைக்கும்போது காற்றாகிவிடும் அபாயம் உண்டு. காஸ்ட்ராட்டோவுக்கு இந்த இரண்டு அபாயங்களும் இவ்வளவு கடுமையாக இருந்திருக்க வழியில்லை, ஏனெனில் அவருக்கு அது பொய்க்குரல் அல்ல, சொந்தக் குரல்.

இரண்டாவது, குரலோடு போட்டியிடும் கருவிகள். ‘ரினால்டோ’வின் ‘ஓர் லா த்ரோம்பா’வில் நான்கு டிரம்பெட்டுகள் முழங்குகின்றன. அவற்றுக்கு முன்னால் நிக்கோலினி வெறும் அழகாக மட்டும் பாடியிருக்க முடியாது. இன்றைய கவுன்டர்டெனர் இந்த இடத்தில் திறமையைவிடத் தந்திரத்தை நம்புகிறார்: எழுத்துகளைக் கூராக உச்சரிக்கிறார், டிரம்பெட்டுகள் ஓயும் இடைவெளிகளில் அலங்காரத்தைப் பொழிகிறார். இதற்கு நேர்மாறானது ‘ஜூலியோ சேசரே’யின் ‘வா தாச்சித்தோ’. இரையை நோக்கிச் சத்தமின்றிப் பதுங்கிச் செல்லும் வேட்டைக்காரனைப் பற்றிய அந்தப் பாட்டில் ஒற்றை ஹார்ன் கூடவே நடக்கிறது. அது முழுக்கக் குரலின் நடுப்பகுதியில் அமைந்தது. அங்கே கவுன்டர்டெனர் ஒளிந்துகொள்ள இடமில்லை.

மூன்றாவது அலங்காரம். இப்பாடல்கள் பெரும்பாலும் முதற்பகுதி, மாறுபட்ட நடுப்பகுதி, மீண்டும் முதற்பகுதி என்ற அமைப்பில் உள்ளவை. திரும்பி வரும் முதற்பகுதியில் பாடகர் தம் சொந்தச் சங்கதிகளைச் சேர்க்க வேண்டும். எழுதியபடியே திரும்பப் பாடினால் அது பாதிப் பாட்டு. காஸ்ட்ராட்டோக்கள் இதில் மன்னர்கள். இன்று பலர் முன்கூட்டியே எழுதி மனப்பாடம் செய்த சங்கதிகளைத்தான் பாடுகிறார்கள். அது காதில் விழத்தான் செய்கிறது. ஃபஜோலி துணிந்து அளவுக்கு மீறிப் போகிறார் என்று குறைசொல்பவர்கள் உண்டு. அளவோடு நின்று சலிப்பூட்டுபவர்களைவிட அவர் மேல் என்பேன்.

பாட்டின் எளிமையே சிரமமாவதும் உண்டு. ‘அல்சினா’வின் ‘வெர்தி பிராத்தி’ அலங்காரமே வேண்டாத ஒரு மெட்டு. தம் திறமையைக் காட்ட அதில் இடமில்லை என்று காரெஸ்டினி அதைத் திருப்பி அனுப்பிவிட்டதாகவும், ஹேண்டல் கொதித்துப்போய் அவர் வீட்டுக்கே சென்று, கொடுத்த பாட்டைப் பாடாவிட்டால் சல்லிக்காசு தரமாட்டேன் என்று கூச்சலிட்டதாகவும் பர்னி குறித்திருக்கிறார். கடைசியில் அதுதான் ஒவ்வொரு முறையும் மறுபடி பாடச் சொல்லிக் கேட்கப்பட்ட பாட்டானது.

1994-இன் ‘ஃபரினெல்லி’ திரைப்படத்தில் கேட்பது யாருடைய குரல்?

இருவருடையது. டெரெக் லீ ரேகின் என்ற அமெரிக்கக் கவுன்டர்டெனரின் குரலையும் ஏவா மலாஸ்-கோட்லெவ்ஸ்கா என்ற போலந்துச் சோப்ரானோவின் குரலையும் பாரிஸிலுள்ள இர்காம் ஆய்வகத்தில் கணினியால் கலந்து அந்தக் குரலை உருவாக்கினார்கள். படத்தின் உச்சத்தில் வரும் ‘லாஷா கியோ பியாங்கா’ காஸ்ட்ராட்டோவுக்கு எழுதிய பாட்டே அன்று. ‘ரினால்டோ’வில் சிறைப்பட்ட அல்மிரேனா என்ற பெண் பாத்திரத்துக்கு உரியது, 1711-இல் பாடியதும் பெண்ணே. படத்தின் செல்வாக்கால் இன்று அநேகமாக எல்லாக் கவுன்டர்டெனர்களும் அதைக் கச்சேரியில் பாடுகிறார்கள். பாடட்டும், ஆனால் அறிமுக உரையில் ஃபரினெல்லியின் பாட்டு என்று சொல்லாமலிருந்தால் நல்லது.

ஒரே மேடையில் பல கவுன்டர்டெனர்கள் பாடுவதுண்டா?

உண்டு. 2012-இல் பிரான்ஸின் நான்சி நகரில் லியோனார்தோ வின்ச்சியின் ‘அர்த்தசெர்செ’யை ஐந்து கவுன்டர்டெனர்களோடும் ஒரே ஒரு டெனரோடும் அரங்கேற்றினார்கள்: ஜரூஸ்கி, சென்சிச், ஃபஜோலி, வாலேர் சபாதுஸ், யூரி மினென்கோ. இந்த ஓபரா 1730-இல் ரோமில் அரங்கேறியபோது பெண் பாத்திரங்கள் உட்பட எல்லாவற்றையும் ஆண்களே பாடினார்கள் என்பதால் இந்த ஏற்பாட்டுக்கு நல்ல நியாயம் இருந்தது. ஐந்து பேரும் ஒரே வகைக் குரலினர் என்று எண்ணிச் செல்பவரின் எண்ணம் முதல் அங்கத்திலேயே மாறிவிடும். புயற்கடலில் திசை தெரியாது தவிப்பவனாகத் தன்னைச் சொல்லிக்கொள்ளும் ‘வோ சோல்காந்தோ’வில் ஃபஜோலி கீழ்ஸ்வரத்திலிருந்து உச்சத்துக்குத் தாவும் இடங்களை, காரெஸ்டினிக்கு வின்ச்சி என்ன எழுதினார் என்பதற்கு இன்று கிடைக்கும் மிக நல்ல விளக்கமாகக் கொள்ளலாம்.

மோட்சார்ட்டின் பாத்திரங்களையும் இவர்கள் பாடுகிறார்களா?

குறைவாகவே. 1781-இன் ‘இதோமெனேயோ’வில் இளவரசன் இதமாந்தே, 1791-இன் ‘தீத்தோ’வில் செஸ்தோ ஆகியவை காஸ்ட்ராட்டோவுக்கு எழுதப்பட்டவை. ஆனால் இசைக்குழு பெரிதாகிவிட்டது, பாட்டின் எல்லையும் உயர்ந்துவிட்டது. இங்கே மெஸோக்களின் ஆட்சிதான். இதமாந்தேயை முதலில் பாடிய தால் பிராத்தோவின் அனுபவக் குறைவைத் தம் கடிதங்களில் கேலி செய்த மோட்சார்ட், 1786-இல் வியன்னாவில் அதைத் தாமே டெனருக்கு மாற்றிக்கொண்டார்.

சிறுவர்களுக்கு இழைத்த கொடுமையில் பிறந்த இசையை ரசிப்பது தகுமா?

கேட்க வேண்டிய கேள்விதான். போப் பத்தாம் பயஸ் 1903-இல் வெளியிட்ட ஆணை, தேவாலயத்தின் மேல்குரல்களைச் சிறுவர்களே பாட வேண்டும் என்றதோடு காஸ்ட்ராட்டோக்களின் காலம் முடிந்தது. இன்று இந்தப் பாட்டைப் பாட யாரும் காயப்பட வேண்டியதில்லை. கவுன்டர்டெனர்கள் இல்லாமற்போனாலும் பெண்கள் இருக்கிறார்கள். ரசிப்பதில் குற்றமில்லை. ஆனால் பேரழகும் பெரும்புகழும் கிடைத்ததால் அது தகுந்த விலைதான் என்று பேசும் சில இசைத்தட்டுக் குறிப்புகளைப் படிக்கும்போது எனக்கு எரிச்சலாக வருகிறது. புகழ் கிடைத்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். செசிலியா பர்தோலி 2009-இல் வெளியிட்ட ‘சாக்ரிஃபீசியும்’ இசைத்தொகுப்பு, தலைப்பிலேயே அது பலி என்று சொல்லிவிடுகிறது.

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

ஓர்லின்ஸ்கி 2017-இல் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸில் அரைக்கால் சட்டையோடு நின்று பாடிய விவால்டியின் ‘வெத்ரோ கோன் மியோ திலெத்தோ’ காணொளியாகக் கிடைக்கிறது. 1724-இல் ரோமில் அரங்கேறிய ‘ஜுஸ்தினோ’வின் பாட்டு அது. அடுத்து, ஜரூஸ்கியின் குரலில் போர்ப்போராவின் ‘ஆல்த்தோ ஜோவே’. ஃபரினெல்லி 1735-இல் பாடியது. பிறகு ‘அரியோதாந்தே’யின் ‘ஷெர்சா இன்ஃபீதா’வை இரண்டு முறை கேளுங்கள், ஒருமுறை ஆன் ஸோஃபி ஃபோன் ஓட்டர் பாடியது, ஒருமுறை ஜரூஸ்கி பாடியது. காதலி துரோகம் செய்துவிட்டாள் என்று நம்பும் நாயகன், தந்திகள் அடக்கி ஒலிக்க, பசூன் என்ற தாழ்ந்த ஒலியுள்ள ஊதுகருவி ஒன்று கூடவே புலம்ப, ஏறத்தாழ பத்து நிமிடம் பாடும் பாட்டு அது. பெண்ணா கவுன்டர்டெனரா என்ற கேள்விக்கு நான் மேலே சொன்னதை ஒத்துக்கொள்வதா மறுப்பதா என்பதை அதை வைத்தே முடிவுசெய்யலாம். மொரெஸ்கியின் இசைத்தட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதில் தொடங்கிய பலர் அத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.